உமிக்கொட்டிலுக்குப் போட்ட கதவு

தம்பி,

நீ கொழும்பு பஸ் ஏறிய மறுநாள் காலை, உமிக்கொட்டிலுக்குப் போட்டிருந்த கம்பிக் கதவை உன் அப்பா கழற்றி எடுத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஸ்பனரோடு மில்லின் பின்பக்கம் போனார். அவித்த நெல்லைத் தளத்தில் பரவுகிற பிள்ளைகளோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் தோளில் சாய்த்தபடி வந்து நெல் அவிக்கிற பொயிலருக்குப் பின்னால் சார்த்தி வைத்தார். "ஏன் கழட்டினீங்கள்?" என்று கேட்டேன். "பிணைச்சல் கறள் பிடிச்சுப்போச்சு" என்றார். போட்டு ஒரு வருஷமும் ஆகாத பிணைச்சல், துருப்பிடிக்க நாளில்லை.

இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய். உனக்கு விளங்கியதா, அல்லது நான் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சொல்கிறாயா என்று எனக்குத் தெரியாது. தவிர, மில் எஞ்சினுக்கு மேலால் கத்திச் சொல்லும் விஷயமுமில்லை இது. கதவு போனால் உமி போகும். உமி போனால், அந்த உமியில் ஓடுகிற மெசின் மத்தியானத்தோடு நிற்கும். மெசின் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதெல்லாம் கொழும்பில் உங்கள் கொம்பனிக் கந்தோர்த் திரையில் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த மெசின் நன்றாக ஓடியதால் கிடைத்த வேலை உன்னுடையது. வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே உன்னைக் கூப்பிட்டு "உங்கட வீட்டு மில்லிலேயே ஏன் இப்படி?" என்று யாராவது கேட்டால், நீ ஒன்றும் தெரியாமல் முழிக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் மில்லைப் பற்றி நீ எழுதிய அறிக்கையை எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள். இதையும் உன்னோடு வேலை செய்கிறவர்கள் வாசிக்கட்டும். அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சண்டை முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது மில்லுக்குக் கூரை இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் போல்ட்டுகள் மட்டும் சீமெந்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. நீ அவற்றைச் சுற்றி ஓடி விளையாடிக் காலில் கீறிக்கொண்டாய். அப்பா எங்கெங்கோ அலைந்து பழைய எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். முதல் நெல்லைக் குத்தியபோது கிடைத்த அரிசியைவிட, பின்பக்கம் விழுந்த உமிக்குத்தான் ஊரில் தேவை அதிகமாக இருந்தது. அப்போது விறகுக்குக் காட்டுப் பக்கம் போகமுடியாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லாத வழியே இல்லை. ஊரே உமி அடுப்பில் சமைத்தது. சனம் உரப்பைகளோடு மில்லின் பின்பக்கத்தால் வரும், அள்ளும், போகும். யாரும் கேட்கவில்லை, அப்பாவும் யாரையும் மறிக்கவில்லை. பிறகு காட்டில் வெடி அகற்றினார்கள், விறகு வந்தது, காஸ் வந்தது. ஆனாலும் உமிக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பரவ ஒருவர், மாட்டுக்குப் புகை போட ஒருவர், நாற்றுமேடைக்கு ஒருவர் என்று வந்தபடி இருந்தார்கள். வீடு கட்டித்தரும் திட்டம் தொடங்கியபோது யோகம் செங்கல் அறுக்கத் தொடங்கினாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் சூளை போட்டவள். அவளுக்கு உமி லான்ட்மாஸ்டர் ட்ரக்டர்ப் பெட்டி நிறைய வேண்டும். அவளும் கேட்டதில்லை.

இதில் ஒரு முறை இருந்தது. அதை யாரும் உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. அது தானாக வந்த முறை. உமி அள்ளுகிறவர் முன்பக்கத்தால் வரமாட்டார். பின்பக்கம் உமி வாருகிற சவள் சத்தம் கேட்டால் அப்பா அங்கே போகமாட்டார். தராசடிக்குப் போய்விடுவார், அங்கே நிறுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். யார் எவ்வளவு அள்ளினார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. அதேபோல, ஒரு மாரியில் நெல் ஊறவைக்கிற தொட்டியின் சுவர் வெடித்தபோது, மறுநாள் காலை தொட்டியடியில் செங்கல் அடுக்கியிருந்தது. அதை யார் வைத்தது என்றும் நாங்கள் கேட்கவில்லை. அப்பா மேசனைக் கூப்பிட்டுச் சுவரைக் கட்டுவித்தார், அவ்வளவுதான். குசினி வாசலில் பூசணிக்காய் கிடக்கும், குளத்து மீன் கொழுவியிருக்கும். எடுத்துச் சமைப்போம். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, அந்தப் பூசணிக்காயைத் தின்று வளர்ந்தவன் நீ.

நீ பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருஷத்தில் இருந்தபோது, உங்கள் பீடமும் நீ இப்போது வேலை செய்கிற கொம்பனியும் சேர்ந்து ஒரு வேலை தொடங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். உமியை அரைகுறையாக எரித்தால் வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓட்டலாம். எஞ்சினால் மின்சாரம் எடுக்கலாம். மெசினைக் கொம்பனி தரும், மாணவர்கள் பொருத்தி அளந்து பார்ப்பார்கள், மில்காரர் இடமும் உமியும் தருவார். கரண்ட் மில்லுக்கு. காலபோகம் என்கிற பெரும்போக நெல் குத்தி முடியும்வரை மெசின் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால், கொம்பனி இன்னும் பல மில்களில் போடும், அதைச் செய்த மாணவனை வேலைக்கும் எடுக்கும். எத்தனையோ மில் இருக்க, எங்கள் மில்லை நீதான் சுட்டிக்காட்டினாய். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே படித்த பிள்ளைகள் படிப்பு முடிய வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடுகிற காலத்தில், நீ வீட்டு உமியைப் பார்த்து யோசித்தது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான், அதில் மாற்றமில்லை.

முதல்நாள் நீங்கள் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். உங்களுக்குப் படிப்பிக்கிற மிஸ், கொழும்பிலிருந்து வந்த கொம்பனி எஞ்சினியர், உன் கூட்டாளிகள், நீ. எல்லாருடைய தலையிலும் மஞ்சள் தொப்பி. உன் சொந்த மில்லில், விழுந்தெழும்பித் திரிந்த இடத்தில், நீயும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாய். நான் தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொண்டுவந்து வைத்தேன். கேள்விகளை வாசிக்கும் பொறுப்பு அன்று உன்னுடையது போலிருக்கிறது. பெற்ற தகப்பனைப் பார்த்து, "ஐயா, உங்கள் ஆலையில் உமியை என்ன செய்கிறீர்கள்?" என்று புத்தகத் தமிழில் கேட்டாய். அப்பாவும் விடவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "கொஞ்சம் பொயிலருக்குப் போகும், மிச்சம் பின்னால கிடக்கும்" என்றார். "வேறு யாராவது எடுத்துச் செல்கிறார்களா?" என்று நீ கேட்டாய். "இல்லை. சும்மாதான் கிடக்குது" என்றார். அவர் அதைச் சொன்ன அந்த நேரத்தில் பின்பக்கம் யோகத்தின் சவள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினியர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மில் வேலையாள் என்று நினைத்திருப்பார். நீ குனிந்து எழுதிக்கொண்டாய்.

அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதை நாலுபேர் முன்னால் வாயால் சொல்லுவது அவருக்கு அசிங்கம். இன்னார் என்னுடைய உமியில்தான் சமைக்கிறாள், இன்னாருடைய சூளை என்னுடைய உமியில்தான் எரிகிறது என்று தொப்பி போட்ட ஆட்களுக்குச் சொன்னால், அதற்குப் பிறகு அந்த ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பது? என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீயும் எங்கள் பிள்ளைதான் என்பதால் அதையே எழுதினாய். மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தோம். விழுகிற உமியெல்லாம் மெசினுக்கே என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்குக்கு ஏற்ற அளவில் மெசின் வந்து இறங்கியது.

மெசினுக்குள் உமியைத் தள்ளும் பகுதி உன்னுடையது. மற்றதெல்லாம் பெட்டியில் வந்த சாமான், அது மட்டும் உன் மூளையில் வந்தது. குசினி நிலத்தில் உட்கார்ந்து, பிவிசி குழாய்க்குள் பால்மா டின் தகரத்தைத் திருகுபோல முறுக்கி வைத்து, என்னைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னாய். குழம்பு அடுப்பில் கிடக்க நான் சுற்றினேன். அந்தப் பக்கத்தால் உமி ஒரே சீராக விழுந்தது. நீ உமியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று. குழம்பு அடிப்பிடித்ததற்கு நான் உன்னை ஏசவுமில்லை. பிறகு அது இரும்பில் பெரிதாக வந்து, மெசினில் ஏறி, முதல்முறை உமிக் கரண்டில் மில் சுழன்றபோது, தளத்தில் நெல் காயவைக்கிற பிள்ளைகளெல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். அப்பா சுவிட்ச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ஏன் மணந்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நன்றாகத் தெரியும். மெசின் காலையில் நன்றாக ஓடும். மத்தியானத்துக்குப் பிறகு உமி தீர்ந்து நிற்கும். ஒரு நாளில்லை, ஒவ்வொரு நாளும். எஞ்சினியர் கொழும்பிலிருந்து இரண்டாம் தரம் வந்தார். நல்ல மனிதர், கோபப்படுகிற ஆளில்லை. "இவ்வளவு நெல் குத்தினா இவ்வளவு உமி வரணும். வருது. ஆனா மெசின் அதை மத்தியானத்துக்குள்ளயே தின்னு முடிச்சிடுது. தள்ளுற பகுதிலதான் பிழை இருக்கு, தம்பி. தேவைக்கு மேல தள்ளுது" என்றார். உன்னுடைய பகுதியைக் கழற்றிவிட்டு வெளிநாட்டில் செய்ததைப் போடலாம் என்று மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். அப்படிப் போட்டால் உனக்கு அந்த வேலை இல்லை என்பதை அங்கே நின்ற எல்லாரும் விளங்கிக்கொண்டோம். நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா குனிந்து எஞ்சின் பட்டியின் இறுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் நீ சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "அம்மா, அப்பாவை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றாய், அப்பா உன் முன்னால் இருக்கத்தக்கதாக.

"உனக்குத் தெரியாததை அவர் என்னத்தைச் சொல்லுறது? நீயே சொல்லன்" என்றேன்.

"நான் சொன்னால் யோகமக்காவைக் காட்டிக்குடுத்த மாதிரி எல்லே."

"உமி அள்ளுறது களவோ?" என்று அப்பா கேட்டார்.

"களவு இல்லை அப்பா. ஆனால் அவையின்ர அறிக்கையில 'இழப்பு' எண்டுதான் வரும். இழப்பு எண்டு வந்தால் அதை நிப்பாட்டச் சொல்லுவினம்."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். "உன்ர படிப்பு உன்ர பாடு. நான் குறுக்க நிக்கமாட்டன். சொல்லு" என்றார். அது சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுப்பது?

மறுநாள் நீ சொன்னாய், நன்றாகவும் சொன்னாய். யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. 'ஊரவர்கள் பழைய வழக்கப்படி கொஞ்சம் எடுப்பதுண்டு' என்றாய். எஞ்சினியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப உங்க டிசைன்ல ஒரு பிழையும் இல்ல. ஒரு கதவு போட்டா முடிஞ்சுது" என்றார். மிஸ் ஒருவர்தான், "அப்ப அந்தச் சனம் என்ன செய்யும்?" என்று கேட்டார். அதற்கும் அவரிடம் நியாயமான பதில் இருந்தது. "பூட்டுத் திறப்பு ஐயாட்டயே இருக்கட்டும். யாராவது கேட்டா, மெசினுக்குத் தேவையானது போக மிச்சத்தை அவர் குடுக்கலாமே." அப்பா தலையாட்டினார். "ஓம், கேட்டால் குடுக்கலாம்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கம்பி வலை அடித்துக் கதவு வைத்துப் பூட்டும் போட்டார்கள். திறப்பை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதன் பிறகு நீ பீடத்துக்கும் கொழும்புக்குமாக ஓடித் திரிந்தாய், ஆகவே இதை நீ பார்க்கவில்லை. கதவு போட்ட மறுநாள் யோகம் லான்ட்மாஸ்டரோடு வந்தாள். கதவைக் கண்டாள். அப்பா கொட்டிலடியில்தான் நின்றார். அவள் வருவாள் என்று தெரிந்தே நின்றார் என்று நினைக்கிறேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனதை நான் குசினி யன்னலால் பார்த்தேன். யோகம், "மழை இருட்டுது போல கிடக்கு, அண்ணை" என்றாள். அப்பா வானத்தைப் பார்த்து, "ஓம், வடக்கால கறுத்திருக்கு" என்றார். அவள் லான்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேர் வாயிலும் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவிடம் கேட்டும்விட்டேன். "அவள் கேட்டாளோ?" என்றார். "நீங்கள் குடுத்தீங்களோ?" என்றேன். "நான் கூப்பிட்டுக் குடுத்தால் அது பிச்சை" என்றார். அவளிடம் போய்க் கேட்டிருந்தால் அவளும் இதே சொல்லைத்தான் சொல்லியிருப்பாள்.

கோழிக்காரர் வரவில்லை, மாட்டுக்காரர் வரவில்லை. வருகிறவர்கள் நெல் குத்த முன்பக்கத்தால் வந்தார்கள், அரிசியை வாங்கிக்கொண்டு முன்பக்கத்தாலேயே போனார்கள். கொட்டில் பற்றி யாரும் ஒரு சொல் கதைக்கவில்லை. கோபம் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்பா தினமும் திறப்பைச் சட்டை மாற்றிச் சட்டை மாற்றிக் கொண்டு திரிந்தார். கேட்காமல் எடுத்துப் பழகியவர்களுக்குக் கேட்டு வாங்கும் வழியைத் திறந்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்தோம். அவர்களுக்கு அது வழி மூடியதுதான்.

மெசின் மட்டும் அற்புதமாக ஓடியது. அதை ஒளிக்கத் தேவையில்லை. கரண்ட் பில் வந்த அன்று அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வெளியே கரண்ட் நின்ற நாட்களிலும் எங்கள் மில் நிற்கவில்லை. நீ கண்டுபிடித்த பகுதிக்குப் பரிசு கிடைத்தது, கொம்பனியில் வேலை கிடைத்தது. பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் வவுனியாப் பக்கத்திலும் இனி இந்த மெசின்தான், அதைப் போடப்போவது நீதான். உன் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி என் கை ஓய்ந்தது. யோகமும் வந்தாள், படத்தைப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

நீ போவதற்கு முதல் கிழமை, உனக்கே மனதில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து, லான்ட்மாஸ்டர் பெட்டி நிறைய உமி ஏற்றிக்கொண்டு யோகம் வீட்டுக்குப் போனாய். நான் நல்லது என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது அதைப் பகிடியாகச் சொன்னாய்: "யோகமக்கா 'எவ்வளவு தம்பி?' எண்டு காசு எடுத்துக்கொண்டு வந்தவா. நான் சிரிச்சுப்போட்டு, 'உமிக்குக் காசோ அக்கா, சும்மா வைச்சிருங்கோ' எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்." அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மில்லில் ஏதோ சத்தம் கேட்டுப் போகிறார் என்று நீ நினைத்தாய். இல்லை, தம்பி. திரும்பி வந்த காலத்திலிருந்து இன்றுவரை எங்களிடம் உமிக்கு விலை கேட்ட முதல் ஆள் அவள்தான். அதுவும் நீ கொண்டுபோய் இறக்கிய உமிக்கு. நீ நல்ல மனதோடுதான் செய்தாய், எனக்கு அது தெரியும். ஆனால் அதை நீ சிரித்துக்கொண்டு சொன்னபோது நான் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போகிற பிள்ளையின் மனதை ஏன் நோகடிப்பான் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு எழுந்துபோனேன். திரும்ப உட்கார ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. காலபோக நெல் வரத் தொடங்கிவிட்டது, தொட்டிகள் நிறைந்து கிடக்கின்றன, தளத்தில் வெயிலைத் துரத்துகிற வேலை. இடையில் ஒரு பின்னேரம் யோகம் வீட்டுக்கு நடந்து போனேன். கதவைக் கழற்றியாயிற்று என்று எப்படியாவது அவள் காதில் போட்டுவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தாள். மூத்தவளின் பள்ளிக்கூடச் சோதனை பற்றிக் கதைத்தோம், யானை வந்து வாழையை முறித்தது பற்றிக் கதைத்தோம். சூளைக்குப் பக்கத்தில் மரக்காலையில் காசுக்கு வாங்கிய விறகு அடுக்கியிருந்தது. நீ இறக்கிய உமி ஒரு மூலையில் படங்கு போட்டு மூடியபடி இருந்தது, அவள் அதில் ஒரு கடகம்கூட எடுக்கவில்லை. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் யானைக் கதையைத் தொடர்ந்தோம். அப்பாவுக்கு வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டவள், அவரைப் போலவே பேசாமல் எழுந்து வந்தேன்.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மெசினை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். நல்ல மெசின், அதில் என் கை வியர்வையும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அடுத்த மில்லில் தொப்பியோடு போய் நிற்கும்போது, மில்காரர் "இல்லை, சும்மாதான் கிடக்குது" என்று சொன்னால், அதை உடனே எழுதிவிடாதே. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பின்பக்கம் போய் ஒரு நாள் இரு. யார் வருகிறார்கள் என்று பார், பெயர் கேட்காதே. அவர்கள் அள்ளியது போக மிஞ்சுகிற உமிக்கு எவ்வளவு பெரிய மெசின் வேண்டுமோ, அவ்வளவு பெரிய மெசினைப் போடு. சின்ன மெசின் என்றால் கொம்பனிக்கு ஆகாது என்பார்கள். அதற்கு நீ என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீதான் படித்தவன், யோசி. மற்றது, கதவு போட்டுத் திறப்பை ஒருவரிடம் கொடுத்தால் நியாயம் செய்தாயிற்று என்று நினைக்காதே. அந்தத் திறப்பு ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை நான் இங்கே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைக் கழற்றிய நாளிலிருந்து அப்பா பின்பக்கம் போவதில்லை. பழையபடி தராசடியில்தான் நிற்கிறார், காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. உன் கணக்கின்படி மெசின் இப்போது மத்தியானத்தோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒருவரும் வரவில்லை, தம்பி. கதவு இல்லை, பூட்டு இல்லை, உமி கொட்டில் நிறையக் கிடக்கிறது, அதை அள்ள ஆளில்லை. மெசின் விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஓடுகிறது. உங்கள் கந்தோர்த் திரையில் இதைவிட நல்ல கிழமையைப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது, யாராவது உன்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள் என்று பயந்தேன். இனி உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் இதைக் கிழித்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.

அம்மா